வாடகை வீட்டில் ஆபத்து: யார் சரிசெய்வது, செய்யாவிட்டால் என்ன வழி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வாடகை வீட்டுப் பிரச்சினைகளுக்கு மனு எழுதித் தரும்போது ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஆட்கள்தான் மாறுகிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. பதில்கள் தமிழ்நாட்டுக்கு உரியவை.

வாடகை வீட்டுக்குன்னு தனியா சட்டம் இருக்கா சார்? அது எனக்கும் பொருந்துமா?

இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இது நீக்கிவிட்டது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என நகர்ப்புறங்களில் உள்ள வீடுகளுக்கும் கடைகளுக்கும் பொருந்தும். அரசு வீடுகள், கோயில் மற்றும் வக்பு சொத்துகள், நிறுவனம் தன் ஊழியருக்குக் கொடுக்கும் குவார்ட்டர்ஸ் ஆகியவை இதில் வராது.

முறையிடும் இடம் மூன்று படிகளாக இருக்கிறது. முதல் படி வாடகை ஆணையம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அங்கே இருப்பார். அதற்கு மேல் வாடகை நீதிமன்றம், அதற்கும் மேல் வாடகைத் தீர்ப்பாயம். ரிப்பேர், தண்ணீர், கரண்ட் போன்ற அன்றாடச் சிக்கல்களுக்கு முதல் படியில்தான் மனு கொடுக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு வாடகை நீதிமன்றத்துக்குப் போகும்.

எந்த ரிப்பேர் ஓனர் செலவு, எது என் செலவு?

சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதைப் பிரித்துக் காட்டுகிறது. சுவர், கூரை, தூண் என்று கட்டடத்தின் உடம்பைச் சேர்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வீட்டுக்கு உள்ளும் வெளியும் ஓடும் மின் வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், திருகு குழாய் (டேப்), சாக்கடை அடைப்பு, கக்கூஸ், வாஷ் பேசின், கீசர் ரிப்பேர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருப்பவர் உடைத்ததால் வந்த பழுது என்றால், அது கட்டடத்தின் உடம்பாகவே இருந்தாலும் அவர் தலையில்தான் விழும்.

கண்ணுக்குத் தெரிவது, கையால் தொட்டுப் புழங்குவது குடியிருப்பவருடையது. சுவருக்குள் புதைந்திருப்பது உரிமையாளருடையது. நான் இப்படித்தான் விளக்குவேன். முழுக்கச் சரியாக வராது, ஆனாலும் பத்தில் எட்டு சண்டைகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

அக்ரிமென்ட் வெறும் பேச்சுதான். இல்லேன்னா 20 ரூபாய் பத்திரத்துல 11 மாசத்துக்கு எழுதியிருக்கோம். அது போதாதா?

போதாது. இந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாகவும் வேண்டும். 11 மாதம் என்று எழுதினால் பதிவு தேவையில்லை என்ற வழக்கம் வேறொரு பதிவுச் சட்டத்தை ஒட்டி வந்தது. இங்கே அது செல்லாது. பதிவு செய்ததும் ஓர் எண் தருவார்கள். பதிவாகாத ஒப்பந்தத்தை ஆதாரமாக நீட்டினால் ஏற்க மாட்டார்கள்.

வீட்டில் ஆபத்து இருக்கிறது என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது இந்தப் பதிவைத்தான். கூரை பெயர்ந்து கிடக்கும்போது காகிதத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று அவர்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது. பதிவில்லாதவர்கள், வாடகை கட்டிய ஜி-பே விவரம், வங்கிக் கணக்கு அறிக்கை, அந்த முகவரிக்கு வந்த கேஸ் ரசீது, ஆதார் முகவரி என எதுவானாலும் சேர்த்து வையுங்கள். பாதுகாப்பு தொடர்பான புகார்களை உள்ளாட்சி அமைப்பிடமும் மின்வாரியத்திடமும் கொடுக்க ஒப்பந்தப் பதிவு தேவையே இல்லை.

பெட்ரூம் சீலிங்ல காரை உதிருது, கம்பி தெரியுது. ஓனர் ‘பூசிடலாம்’ங்கறார். பூசினா சரியாயிடுமா?

ஆகாது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்போது பருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம் தாங்காமல்தான் கீழ்ப்பக்கக் காரை பாளம் பாளமாகப் பெயர்கிறது. துருவுக்குக் காரணம் பெரும்பாலும் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் தண்ணீர். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். மேலே ஒழுக்கை நிறுத்தாமல் கீழே சிமென்ட் பூசினால் அடுத்த மழைக்காலத்துக்குள் பூச்சும் சேர்ந்து விழும். தளர்ந்த காரையை முழுக்கத் தட்டி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்குரிய கலவையால் மூடுவதுதான் முறை. கம்பி மெலிந்திருந்தால் கொத்தனாரிடம் விடாமல் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். இரண்டாவது பதிலில் சொன்னபடி, இது முழுக்க உரிமையாளர் செலவு.

ஆள் வரும்வரை அந்த அறையில் படுக்காதீர்கள். குழந்தையின் தொட்டிலை, பெரியவர்களின் கட்டிலை உடனே நகர்த்துங்கள். சுவரில் விரிசல் இருந்தால் அதன் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். விரிசல் கோட்டைத் தாண்டி ஓடினால் கட்டடம் இன்னும் அசைகிறது என்று அர்த்தம். கதவு திடீரென்று நிலையில் உரசத் தொடங்குவதும் அதே அறிகுறிதான். 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி, 24 வீடுகளோடு இடிந்து விழுந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைக் கவனித்த குடியிருப்பாளர்கள் எல்லோரையும் முன்பே வெளியேற்றியிருந்தார்கள். அது வாடகை வீடு இல்லைதான். ஆனாலும் விரிசலைப் பற்றி யார் கேட்டாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

பாத்ரூம் குழாயைத் தொட்டா ஜிவ்வுன்னு இழுக்குது. எலக்ட்ரீஷியன் ‘எர்த் வீக்கா இருக்கு, பரவாயில்லை’ன்னார். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லக் கூடாத ஒன்று உண்டென்றால் இதுதான். குழாயில் கரண்ட் கசிகிறது என்றால் எங்கோ வயரின் தோல் போயிருக்கிறது, அந்தக் கரண்ட் மண்ணுக்குப் போக வழியும் இல்லை. நனைந்த உடம்போடு தொடும் நாளில் அது உங்கள் வழியாக மண்ணுக்குப் போகும். மெயினை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கீசர்தான் காரணமா, சுவர் வயரா என்று அவர் கண்டுபிடிக்கட்டும். கீசர் என்றால் அட்டவணைப்படி உங்கள் செலவு. வயரிங் அல்லது எர்த் என்றால் உரிமையாளர் செலவு. யார் செலவானாலும், பழுது சரியாகும்வரை ஒரு வேளைகூட அந்தக் குளியலறையைப் பயன்படுத்த வேண்டாம்.

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்னப் பொத்தான் அதில் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைப்பதற்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அது. லோடு கூடினால் விழும் சாதாரண எம்.சி.பி. அந்த வேலையைச் செய்யாது. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பாற்றும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் அது வெறும் பெட்டிதான், மாற்றியாக வேண்டும். வீடு பார்க்கப் போகும்போதே இதைக் கேளுங்கள். கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாடியில் துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருந்தால் அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். சர்வீஸ் வயர் உரசி, ஈரத் துணியோடு கொடிக் கம்பியைத் தொட்டு இறந்தவர்கள் பற்றி ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தி வருகிறது. கம்பத்திலிருந்து வரும் வயர் தொங்கினால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

போன்ல பத்து தடவை சொல்லியாச்சு. ‘பாக்கலாம், பாக்கலாம்’னே சொல்றார். இனி என்ன பண்றது?

எழுதுங்கள். போனில் சொன்னது சொல்லாததற்குச் சமம். எந்த இடம், என்ன பழுது, எப்போதிலிருந்து, யாருக்கு என்ன ஆபத்து, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று ஒரே பக்கத்தில், கோபமில்லாமல் எழுதுங்கள். ‘ஐயா, படுக்கையறைக் கூரையில் தென்கிழக்கு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. கடந்த அக்டோபர் மழையிலிருந்து தண்ணீர் கசிகிறது. ஏழு வயதுக் குழந்தை அந்த அறையில் படுக்கிறது’ என்ற அளவில் இருந்தால் போதும். ‘மனசாட்சி இல்லையா’ போன்ற வரிகள் வேண்டாம். நாளைக்கு அந்தக் கடிதத்தைப் படிக்கப் போவது அதிகாரி.

வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், கூடவே ஸ்பீடு போஸ்டிலும் டெலிவரிச் சான்றோடு அனுப்புங்கள். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலோ அன்றைய நாளிதழோ தெரியட்டும். பழுதின் அளவும் தேதியும் அதிலேயே பதிவாகிவிடும். இந்தக் கடிதம் கையில் இருந்தால்தான் வாடகையில் கழிப்பது, வீட்டை விட்டு வெளியேறுவது என்று பின்னால் சொல்லும் உரிமைகளைப் பயன்படுத்த முடியும்.

நானே செஞ்சுட்டு வாடகைல கழிச்சுக்கலாமா?

கழிக்கலாம், வரம்புக்கு உட்பட்டு. உரிமையாளர் பொறுப்பில் வரும் பழுதை, கேட்டும் அவர் செய்ய மறுத்தால், நீங்கள் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் எந்த ஒரு மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. வாடகை 12,000 ரூபாய், செலவு 15,000 ரூபாய் என்றால் முதல் இரண்டு மாதம் 6,000, மூன்றாம் மாதம் 3,000 என்று கழிக்க வேண்டும். ஒரேயடியாக வாடகையை நிறுத்தினால், ரிப்பேர் செய்யாத உரிமையாளர் என்ற வழக்கு வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரர் என்று திரும்பிவிடும். இரண்டு மாதப் பாக்கியே காலி செய்யச் சொல்லக் காரணமாகும்.

இரண்டு இடத்தில் மதிப்பீடு வாங்குங்கள். ரசீதில் உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கட்டும். கூரை, தூண் வேலைகளை மட்டும் இந்த வழியில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. அடுத்தவர் கட்டடத்தின் தாங்குபகுதியில் கை வைத்து ஏதாவது ஆனால் பொறுப்பு உங்கள் மேல் வரும். அதற்கு வாடகை ஆணையத்தின் உத்தரவு வாங்குவதே நல்லது.

புகார் கொடுத்தா ‘காலி பண்ணு’ம்பாங்க. மோட்டாரை ஆஃப் பண்ணிடுவாங்க. அதுக்கு பயந்துதான் வாயை மூடிக்கிட்டு இருக்கோம்.

இந்தப் பயம்தான் உண்மையான தடை. இதை லேசாகச் சொல்லிக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. நடுவில் பள்ளிக்கூடம் மாற்றுவது, பத்து மாத அட்வான்ஸ் புரட்டுவது எல்லாம் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது என்பது தெரிந்திருக்கட்டும். வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. பூட்டைப் போடுவது, சாமானை வெளியே வைப்பது எதற்கும் அனுமதி இல்லை.

தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், துப்புரவு, கழிவறை வசதி ஆகியவை அத்தியாவசியச் சேவைகள். உரிமையாளரோ அவருடைய ஆளோ இவற்றை நிறுத்தினால் வாடகை ஆணையத்தில் மனு கொடுக்கலாம். விசாரணை முடியும் முன்பே உடனடியாகத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நிறுத்திய நேரத்தைக் குறித்து வையுங்கள், பக்கத்து வீட்டில் தண்ணீர் வருவதை வீடியோ எடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

ஒரே கட்டடத்தில் நான்கு குடித்தனம் இருந்தால் நால்வரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஒருவரைக் காலி செய்யச் சொல்வது எளிது, நால்வரையும் சொல்வது எளிதல்ல.

சம்ப்ல மூடி உடைஞ்சு கிடக்கு, மேல டேங்க்ல கொசுப்புழு. இதெல்லாம் கூட புகாரா?

கட்டாயம். உடைந்த சம்ப் மூடியில் குழந்தை கால் வைத்தால் சத்தம்கூட வெளியே கேட்காது. மூடி போட்டு, பூட்டோ கனமான சட்டமோ வைப்பது உரிமையாளர் வேலை. அவர் வரும்வரை பலகை போட்டு மூடுங்கள், பிளாஸ்டிக் ஷீட் மட்டும் விரிக்காதீர்கள். அது மூடியிருப்பதாக ஏமாற்றும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் முழுக் கொசுவாகிவிடும். கொசு உற்பத்தியாகும் இடத்துக்கு உள்ளாட்சி சுகாதார ஆய்வாளர் நோட்டீஸ் கொடுக்கலாம், அபராதமும் போடலாம். சென்னையில் 1913-க்குச் சொன்னால் ஆள் வருவார்கள்.

செப்டிக் டேங்க் நிரம்பிடுச்சு. ஓனர் ‘நீங்களே ரெண்டு ஆளைப் பிடிச்சு எடுத்துக்கோங்க, பணம் தரேன்’ங்கறார்.

ஒருபோதும் செய்யாதீர்கள். செப்டிக் டேங்குக்குள் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வேலைக்கு அமர்த்தியவர் யாரோ அவர்தான் பொறுப்பு. பணம் கொடுத்தது உரிமையாளர், கூப்பிட்டது நீங்கள் என்றால் இருவரும் சிக்குவீர்கள். சட்டத்தை விடுங்கள், உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அடர்த்தியாகிவிட்டால் மூக்கு வாசனை அறியும் திறனையே இழந்துவிடும். இறங்கியவர் மயங்க, காப்பாற்ற இறங்கியவரும் மயங்க, இப்படித்தான் ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாகிறார்கள். சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உயர்த்தியது. 14420-ஐ அழைத்தால் உறிஞ்சும் லாரி ஏற்பாடு செய்யலாம். லாரி குழாய் எட்டாத சந்து என்றால் நீளக் குழாய் கேளுங்கள், ஆளைக் கேட்காதீர்கள்.

கேஸ் சிலிண்டர் விஷயத்துல ஓனருக்கு பொறுப்பு உண்டா?

அடுப்பும் சிலிண்டரும் உங்களுடையவை, பொறுப்பும் உங்களுடையது. ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். காற்று போக ஜன்னல் இல்லாத சமையலறையைக் கொடுத்தது மட்டும் உரிமையாளர் தவறு. எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குக் கூப்பிடுங்கள்.

நான் ஹவுஸ் ஓனர். வயரிங் பாக்கணும்னா உள்ளயே விட மாட்டேங்கறாங்க. என் வீட்டுக்குள்ள போக எனக்கே அனுமதி வேணுமா?

வேண்டும். 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லி, காரணமும் நேரமும் குறிப்பிட்டு, பகல் வேளையில் போகலாம். தீ, வெள்ளம் போன்ற அவசரத்துக்கு இது பொருந்தாது. முறையாகச் சொல்லியும் விடவில்லை என்றால் அதையும் எழுதி வைத்து ஆணையத்துக்குப் போங்கள். நீங்கள் சரிசெய்ய வந்தீர்கள், அவர் விடவில்லை என்பதற்கு அதுவே சான்று. பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் எலக்ட்ரீஷியனோடு உங்கள் வீட்டுப் பெண்ணும் போனால் பாதிச் சிக்கல் தீரும்.

எனக்கு இந்த வாடகைதான் சோறு. ரெண்டு லட்சம் போட்டு ரிப்பேர் பண்ண எங்க போவேன் தம்பி?

அம்மா, உங்கள் நிலைமை புரிகிறது. எல்லா உரிமையாளர்களும் பணக்காரர்கள் இல்லை. கணவர் கட்டிய ஒரே வீட்டின் மாடியை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஆளைக் கொல்லக் கூடியதை முதலில் செய்யுங்கள். ஆர்.சி.சி.பி., எர்த், சம்ப் மூடி, மாடிக் கைப்பிடிச்சுவர் எல்லாம் சேர்ந்தாலும் அட்வான்ஸில் ஒரு பகுதிதான் ஆகும். கூரை வேலைக்குக் குடியிருப்பவரோடு பேசி, செலவை அவர் முன்பணமாகப் போட, வாடகையில் மாதாமாதம் கழிக்கலாம் என்று எழுதிக்கொள்ளலாம். அந்த அறையைச் சரிசெய்யும்வரை பூட்டிவைத்து வாடகையைக் குறைப்பதும் நியாயமான ஏற்பாடுதான். ஆபத்து தெரிந்தே கவனக்குறைவாக விட்டு உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. உங்களை அந்த நிலையில் பார்க்க நான் விரும்பவில்லை.

காலி பண்ணும்போது ‘பெயிண்டிங் காசு’ன்னு ஒரு மாச வாடகையைப் பிடிக்கறாங்களே, அது சரியா?

இரண்டாவது பதிலைப் பாருங்கள். வெள்ளையடிப்பு உரிமையாளர் பட்டியலில் இருக்கிறது. இயல்பான தேய்மானத்துக்குப் பிடித்தம் கிடையாது. ஒப்பந்தத்தில் ‘ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகும். ஆகவே கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடுங்கள். மீதி அட்வான்ஸ், காலி செய்த ஒரு மாதத்துக்குள் திரும்ப வர வேண்டும்.

லேடீஸ் ஹாஸ்டல், பி.ஜி.க்கும் இதே சட்டமா?

பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரின் உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. சேருமுன் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், இரவில் வெளியேறும் இரண்டாவது வழி திறந்திருக்கிறதா என்று நடந்தே பாருங்கள். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் ஃப்ரிட்ஜ் வெடித்துப் பற்றிய தீயில் உயிர்கள் போயின.

வீட்டுல இருக்கவே முடியலை. அக்ரிமென்ட் முடிய ஆறு மாசம் இருக்கு. போனா அட்வான்ஸ் போயிடுமா?

ரிப்பேர் இல்லாமல் வசிக்கவே முடியாத நிலையில், எழுத்தில் கேட்டும் உரிமையாளர் மறுத்தால், 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேற உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்பந்தம் முடியவில்லை என்பதற்காக அட்வான்ஸை விழுங்க முடியாது. வசிக்க முடியாத நிலை என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். பொறியாளரின் ஒரு பக்க அறிக்கை இருந்தால் போதும், பேச்சு அடங்கிவிடும். சாவியைக் கையில் கொடுத்து, கொடுத்ததற்கு எழுதி வாங்குங்கள். வாங்க மறுத்தால் வாடகை ஆணையத்துக்குத் தெரிவியுங்கள். சாவி உங்களிடம் இருக்கும்வரை வாடகை ஓடுகிறது என்பார்கள்.

மாநகராட்சி ‘அபாயகரமான கட்டடம்’னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. ஓனர் ‘அதெல்லாம் நான் பேசிக்கறேன், நீங்க இருங்க’ங்கறார். வாடகையும் கேக்கறார்.

இருக்காதீர்கள். பழுதடைந்த கட்டடத்தைச் சரிசெய்யவோ இடிக்கவோ உத்தரவிடும் அதிகாரம் மாநகராட்சி ஆணையருக்கு இருக்கிறது. உரிமையாளர் பேசித் தள்ளிப்போடுவது நோட்டீஸைத்தான், கட்டடம் விழுவதை இல்லை. நோட்டீஸ் கிழிக்கப்படும் முன் போட்டோ எடுங்கள். நகல் கேட்டு மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். முந்தைய பதிலில் சொன்ன 15 நாள் நோட்டீஸோடு அந்த நகலையும் இணைத்தால் தனியாகப் பொறியாளர் அறிக்கைகூடத் தேவைப்படாது. 15 நாளை உள்ளே இருந்து கழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அன்றே உறவினர் வீட்டுக்குப் போய்விடலாம்.

அதுவரையிலான வாடகையைக் கொடுத்துவிடுங்கள். வாங்க மறுத்தால் வாடகை ஆணையத்தில் கட்டலாம், பாக்கி என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. காலி செய்யும் அன்று மீட்டர் ரீடிங், ஒவ்வொரு அறை, ஒவ்வொரு சுவர் என்று வீடியோ எடுத்து, அட்வான்ஸ் திரும்ப வேண்டிய தேதியை உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். மேல்மாடியில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நோட்டீஸ் ஒட்டியது தெரியுமா என்று போகும்போதே கேட்டுவிட்டுப் போங்கள். பல நேரம் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.